பாதி வெயிலைத் தடுக்கும் களிம்பு

எங்கள் பேராசிரியர் ஆராய்ச்சிக்காக ஜெர்மனி வரை போய் வந்தவர். அவர் என்னை அனுப்பியது கேரளத்துக்கு. அதிலும் உள்ளே வெகுதூரம் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். இரண்டு இடத்திலும் நின்று பலமாகத் தும்மினால் தமிழ்நாட்டில் கேட்கும். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியாம்மா?" என்று கிளம்பும்போது கேலி வேறு செய்தார். என் கையில் இருந்தது துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடி. அதை உடைக்காமல் மலைமேல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாடியில் இருந்தது புங்க விதைச் சாறு கலந்த களிம்பு. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு உண்டு. புற ஊதாக் கதிர் என்பார்கள். தோலைச் சுடுவதும், உள்ளே இருக்கும் செல்களைக் கெடுத்துப் புண்ணாக்குவதும் அதுதான். நம்மைப் போன்றவர்களுக்குத் தோலின் கறுப்பே குடை. தோல் செல்களைக் கிண்ணத்தில் உயிரோடு வளர்க்கும் வித்தையைப் பேராசிரியர் வெளிநாட்டில் கற்று வந்திருந்தார். கிண்ணத்துக்கு மேல் ஒரு தகடு, தகட்டின் மேல் ஏதாவது ஒரு செடியின் சாறு, அதற்கும் மேலே புற ஊதா விளக்கு. எந்தச் சாற்றின் கீழே செல்கள் பிழைக்கின்றன என்று பார்ப்பது என் பாடு. துளசி, வேம்பு, கற்றாழை என்று பூசிப் பூசிப் பார்த்தேன். செல்கள் என் முகத்துக்காகப் பிழைப்பதாக இல்லை. புங்கத்தின் கீழே மட்டும் ஏறக்குறையப் பாதி பிழைத்தன. அன்றைக்குக் கோவையில் எங்கள் கல்லூரிக் கான்டீனில் எல்லோருக்கும் என் செலவில் காபி.

அந்தச் செய்தி மதுரையில் இருந்த ஒரு தோல் டாக்டரின் காதுக்குப் போயிற்று. அவரிடம் அற்புதம் என்று ஒரு பெண் வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறம் இல்லாதவள். இருபது வயது நிறைவதற்குள் கன்னத்திலும் காதோரத்திலும் கெட்ட புண் வந்து, அவரே இருமுறை வெட்டி எடுத்திருந்தார். வெயிலில் போகவே கூடாது என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். ஆனால் அவளுடைய அம்மா முட்டி வலி தாங்காமல் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறார். ஆள் பட்டியலில் ஓய்வு பெறுகிறவருக்கு இருக்கும் 'பேரை' வீட்டில் ஒருவர் வாங்கிக்கொண்டு மலையில் வேலைக்கு இறங்கினால், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவர்களோடு இருக்கும். ஆள் இறங்கவில்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எஸ்டேட்டு வழக்கம் அது. அந்த வீட்டில் அம்மாவையும் மகளையும் தவிர வேறு ஆள் இல்லை.

"உங்க களிம்பைப் பூசிக்கிட்டு அந்தப் பொண்ணு வேலைக்குப் போக முடியுமான்னு நேர்ல பாத்துச் சொல்லுங்க" என்று டாக்டர் கேட்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிண்ணத்தோடு மல்லுக்கு நிற்கிறவளுக்கு ஒரு முழு மனுஷி கிடைத்திருக்கிறாள் அல்லவா?

முதல் நாள் பாலக்காட்டுப் பக்கம். புங்க விதை எங்களுக்கு அங்கேயிருந்துதான் வந்தது. அடுத்த மூட்டைக்குச் சொல்லிவைக்க வேண்டும். சித்திரை வெயில். கணவாய்க் காற்று என்று பெயர்தான், அடுப்பை ஊதிவிட்ட மாதிரி அடித்தது. பஸ்ஸில் வெயில் படும் பக்கத்து சீட்டு எல்லாம் காலி. நிழல் பக்கத்தில் ஒருவர் மடியில் ஒருவர். கண்டக்டர் மலையாளத்தில் கத்தினார்: "வண்டி சாய்ந்துவிடும், நாலு பேர் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள்!" ஒருவரும் அசையவில்லை. வெயிலுக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் சனத்தைப் பார்த்தது எனக்கு உற்சாகமாக இருந்தது.

வாய்க்கால் ஓரம் முழுக்கப் புங்க மரங்கள். அவற்றின் நிழலில் மாடுகள், மாடுகளுக்குப் பக்கத்தில் ஆட்கள். எங்களுக்கு விதை அனுப்பும் தோப்புக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி பழனியம்மாள் இலை போட்டு, அரிசிம்பருப்புச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து நெய்யை ஊற்றினார். கோவையில் எங்கள் வீட்டில் செய்வதும் இதே சோறுதான். மாநிலம் மாறியது பஸ் டிக்கெட்டுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஜாடியைத் திறந்து காட்டினேன். மூக்கைச் சுளித்தார். புங்கெண்ணெய் வாடை லேசில் போகாது.

"ஏனுங்க அம்மிணி, இதை நாங்க மாட்டுக்குச் சொறி புடிச்சாத் தேய்ப்பமுங்க. நீங்க மூஞ்சிக்குப் பூசறதுங்கறீங்களே!"

வெயிலைத் தடுக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பூசுனா செவப்பாகுமுங்களா? எங்க ஊட்டுப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறமுங்க."

ஆகாது என்றேன். அவருக்கு என் படிப்பின் மேலிருந்த மதிப்பு அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. ஆனாலும் இரண்டாம் தடவை சோறு போட்டார்.

மறுநாள் முழுக்கப் பயணம். போடிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதுகு பலகையாகிவிட்டது. அங்கிருந்து மலை ஏறும் பஸ்ஸில், ஜாடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து சீட்டு அம்மாள் என்மேல் சாய்ந்தார். அவர் கூடையிலிருந்த கோழி என் முழங்கையைக் கொத்தியது. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினோம். குளிர்ந்த காற்று அடித்தது. கீழே புழுதியில் நிழலுக்கு அடித்துக்கொள்கிறவர்கள், இங்கே வெயிலைத் தேடிப் பாறைமேல் போய் உட்கார்ந்து முகத்தை நீட்டினார்கள்.

எனக்கு மனசுக்குள் ஏதோ லேசாக உதைத்தது. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது, புற ஊதாக் கதிர் கூடுகிறது. இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் குளிரில் உட்கார்ந்து வெயில் காய்வது எவ்வளவு சுகம் என்று வகுப்பில் தெரியாது. நானும் ஒரு பாறையைத் தேடிக்கொண்டேன்.

போடிமெட்டுச் சாவடியில் ஒரு காவலர் என் மடியையே பார்த்தார். அப்படி ஒரு பொருளை அணைத்துக்கொண்டு வருகிறவள் ஏதோ கடத்துகிறாள் என்றுதானே யாருக்கும் தோன்றும்? இறக்கிவைத்துத் துண்டைப் பிரிக்கச் சொன்னார். மோந்து பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார். இது முகத்துக்குப் பூசும் மருந்து என்றேன். முகம் மலர்ந்தது. விரலால் ஒரு பொட்டு எடுத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டு, "வெளுக்குமா?" என்று மலையாளத்தில் கேட்டார். "வாடைதான் வெளுத்து வாங்கும்" என்று தமிழில் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, சிரித்து அனுப்பிவைத்தார். இடுக்கி என்று ஒரு ஜில்லா உண்டாகிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். புது ஜில்லாவில் என் வரவேற்பு அப்படி நடந்தது.

எஸ்டேட்டு முக்கில் இறங்கியபோது ஒரு பெண் பெரிய கறுப்புக் குடையோடு நின்றிருந்தாள். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு, துண்டுக்கு வெளியே வைக்கோல் நிறத்தில் முடி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்துக்கு மிக அருகில் வந்து பார்த்தாள். அற்புதம்தான்.

"டாக்டரம்மா தானக்கா? நேத்தே வருவீகன்னு நெனச்சேன். அம்மா கப்பை அவிச்சு வச்சிருக்காக."

நான் டாக்டர் இல்லை, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள் என்றேன். "சரி டாக்டரக்கா" என்றாள்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் வீடுகள். அவர்களுடையது கடைசி வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை, சுவரில் மாதா படம். அம்மா ஞானம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. கப்பை என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையல், சுட்ட கருவாடு, பாலில்லாத கட்டன்சாயா. நான் சாப்பிட்ட வேகத்தை இங்கே எழுதுவது கௌரவக் குறைச்சல். ஆனால் அந்தச் சாயா வெறும் தூசுத் தூள். கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கிடைப்பது அதுதான் என்றார்கள். நல்ல தூளைக் கோவையில் நாங்கள்தான் குடித்துக்கொண்டிருக்கிறோம் போலும்.

அற்புதம் ஜாடியை வாங்கி மோந்து பார்த்தாள். மூக்கைச் சுளிக்காத முதல் ஆள் அவள்தான்.

"வர்ற வழியெல்லாம் இது சிவப்பாக்குமான்னுதான் கேட்டாங்க" என்று சொன்னேன்.

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "என்னைய இங்க தொரசாணிம்பாக அக்கா. எல்லாரும் வெளுக்கணும்னு பூசுறாக. கறுக்கறதுக்கு ஒன்னு கண்டுபிடிங்களேன், காசு குடுத்து வாங்கறேன்."

சிரிப்பு அடங்கியதும் கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள். "நாளைக்கு அம்மாகூட மலைக்குப் போறேன். பாத்து எடுக்கிறேனான்னு சூப்பர்வைசர் பாக்கணுமாம். சரின்னுட்டா அடுத்த மாசம் பேரை எனக்கு மாத்திருவாக."

"பயமா இல்லையா?"

"வீடு போறதுதான் பயம். எனக்கு இந்த லயத்தை விட்டா எந்த ஊரு தெரியும்? ஊரு ஊருன்னு அம்மா சொல்றது சங்கரன்கோயில் பக்கம். அங்க எங்களை யாருக்குத் தெரியும்?"

மறுநாள் காலை ஞானம்மாள் மகள் முகத்தில் களிம்பை அப்பிய அப்பில், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்கள் தோற்றார்கள். கழுத்து, காது, புறங்கை, விரல் இடுக்கு, ஓர் இடம் பாக்கியில்லை. இதே ஞானம்மாள், மூக்குப்பொடி போட்ட கையோடு கொழுந்தைத் தொடும் பெண்களைப் போட்டுத் திட்டுகிறவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவருக்கு மகளின் தோலைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. எனக்கும்தான்.

கோடை மழை பெய்து கொழுந்து தளதளவென்று விட்டிருந்தது. பனி ஈரம் இடுப்புவரை நனைத்தது. ஈரம் தடுக்க இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடி வரிசைக்குள் இறங்கினார்கள். அற்புதத்துக்குக் கண் பார்வை குறைவு. ஆனால் செடியோடு செடியாகக் குனிந்து, தடவித் தடவி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக மளமளவென்று கிள்ளினாள். சிறு வயதிலிருந்து அந்தி வேளைகளில் அம்மாவோடு வந்து பழகிய கை. பட்டப்பகலில் எல்லோரோடும் வரிசையில் நிற்பது இதுவே முதல் முறை. பாட்டு ஒன்று மேல் வரிசையில் தொடங்கி அவளிடம் வந்ததும் அவளும் சேர்ந்து பாடினாள். எனக்குப் பெருமை பொறுக்கவில்லை.

ஒரு வரிசை முடிவதற்குள் அவள் கைகளைப் பார்த்தேன். ஈர இலைகள் மாறி மாறி உரசி, புறங்கையில் பூசியது முழுதும் துடைத்துப் போயிருந்தது. மறுபடி பூசச் சொன்னேன். பூசினாள். அடுத்த வரிசை முடிவதற்குள் மறுபடி வெறும் கை. காற்று குளுகுளுவென்று இருந்தது. சுடுவதாக அவளுக்குத் தெரியவேயில்லை. ஆய்வுக்கூடத்துத் தகடு அசையாமல் கிடக்கும். கொழுந்து பறிக்கிற கை ஒரு நொடி நிற்காது.

உச்சிப்பொழுதில் எடை போடும் கொட்டகை. சூப்பர்வைசர் நடுவயதுக்காரர், மலையாளி, தொப்பி வைத்தவர். ஞானம்மாளும் மகளும் ஒரே சாக்கில் கொண்டுவந்த கொழுந்தைத் தராசில் மாட்டும்போதே அவர் முகம் மாறியது. கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து மோந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாக்கை அப்படியே செடியடியில் கொட்டச் சொன்னார். காலையெல்லாம் பறித்தது.

ஞானம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, மாதாவே! எனக்கு இது தோணலையே!"

சூப்பர்வைசர் கத்தவில்லை. மலையாளத்தில் அவர் எனக்குச் சொன்னது இதுதான்: "தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும், அம்மா. இந்த ஒரு சாக்கு ஃபாக்டரிக்குள் போனால் கூட இருக்கும் அத்தனை தூளும் புங்கெண்ணெய் மணக்கும். யார் குடிப்பார்கள்?" பிறகு அற்புதத்தைப் பார்த்தார். "கை நன்றாக ஓடுகிறது. வாடையில்லாமல் இந்த மருந்தைக் கொண்டுவாருங்கள். அடுத்த மாதமே இவள் பேரைப் பதிந்துகொள்கிறேன்."

கொட்டகையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அற்புதம் கூசும் கண்ணை அகலத் திறந்து பார்த்தாள்.

வாடையை எடுக்க முடியும். எண்ணெயைத் தள்ளிவிட்டு, சாற்றில் உள்ள சத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். சில மாத வேலை, செய்யக்கூடியதுதான். "முடியும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கன்னத்தில் வெயில் பட்ட இடம் அதற்குள் இளஞ்சிவப்பாகியிருந்தது. களிம்பு மிஞ்சியிருந்த இடத்தில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

"வாடையை எடுத்துடலாம். ஆனா எடுத்தாலும் இது பாதி வெயிலைத்தான் தடுக்கும். இலை உரசினா அதுவும் நிக்காது. தினமும் இந்த வெயில்ல இவ நின்னா மறுபடி புண் வரும். இவளை வெயில்ல நிறுத்தறதுக்கு நான் மருந்து கொண்டுவர மாட்டேன். இவளுக்கு நிழல்ல ஒரு வேலை குடுங்க" என்றேன்.

"மற்றவர்களுக்குப் பாதித் தடுப்புகூட இல்லையே?" என்று கேட்டார். சூப்பர்வைசர் நியாயமாகத்தான் கேட்டார். மற்றவர்களுக்குப் பிறவியிலேயே தோலில் தடுப்பு இருக்கிறது, இவளுக்கு இல்லை என்றேன். ஃபாக்டரியில் இடம் இல்லை, அது தன் கையிலும் இல்லை என்று சொல்லித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அத்துடன் பேச்சு முடிந்தது. அற்புதம் குடையை விரிக்காமலே இறங்கிப் போனாள்.

சாயங்காலம் அடுக்களை வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாதி தடுத்தாலே எனக்குப் போதுமே! என் தோலு, என் வீடு. நீங்க எதுக்குக்கா வாயத் திறந்தீக?"

பதில் என்னிடம் இருந்தது; படித்த பதில். அதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு நான் கோவைக்குப் போய்விடுவேன். அந்த உண்மையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டியவள் அவள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள்தான் எனக்குத் தேறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஞானம்மாள் இரண்டு முட்டிக்கும் சூடான தவிட்டு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். வைத்து முடித்ததும், கழற்றி மூலையில் போட்டிருந்த படங்கை எடுத்து உதறி மடித்தார்.

விடிந்ததும் ஆள் எடுக்கும் இடத்துக்கு அவர் போனார். நானும் கூடப் போனேன். சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்து, இவரைப் பார்த்ததும் நிறுத்தினார். ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கவில்லையா என்று கேட்டார்.

"எழுதலங்கய்யா. இன்னும் பறிக்க முடியும். வேணும்னா ரெண்டு வரிசை நடந்து காட்டட்டுமா?" என்றார் ஞானம்மாள். ஊன்றிவந்த கம்பை எப்போதோ வேலி ஓரம் போட்டிருந்தார். சூப்பர்வைசர் அவர் காலைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், பிறகு பேரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். அந்த மனிதருக்கு அன்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பஸ்ஸுக்கு நான் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பாதி வழியில் அற்புதம் பின்னாலிருந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். முக்குவரை அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எதிர்ச்சரிவில் பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில், ஒவ்வொரு செடியையும் பிடித்துப் பிடித்து ஓர் உருவம் ஏறிக்கொண்டிருந்தது. அற்புதத்தின் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியாது.

"அம்மா எங்க இருக்காகன்னு தெரியுதாக்கா? நடக்காகளா?"

"நடக்கறாங்க."

"நல்லா நடக்காகளா?"

பஸ் வந்துவிட்டது. நான் படியில் ஏறினேன். அவள் பையை நீட்டினாள். ஆனால் உடனே கைப்பிடியை விடவில்லை.

"முழுசா தடுக்கிறதைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டு வாங்க. ஆனா மெதுவா பாத்துக்கலாம்னு இருந்துராதீகக்கா. அம்மா முட்டி தாங்குற வரைக்கும்தான் உங்களுக்கு நேரம்."